ஒட்டவும் நிற்கவும்: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்பமும் கலப்பு ஊடகக் கலையும் கற்றுத்தர முழுமையான வழிகாட்டி

காகிதத்தில் யானை வரையும் பிள்ளைக்கு, அந்த யானை கீழே விழுந்துவிடுமோ என்ற கவலை கிடையாது. அதே யானையைக் களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள். கால்கள் மெலிதாக இருந்தால் உடம்பு அப்படியே உட்கார்ந்துவிடும். தும்பிக்கையைச் சும்மா அழுத்தி ஒட்டினால் மறுநாள் காய்ந்து கழன்று பக்கத்தில் கிடக்கும். ஆசை ஆசையாகச் செய்த பிள்ளை அதைப் பார்த்து நிற்கும் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

என்ன செய்வது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டைனோசர், வீடு, பூனை, பெயரே இல்லாத ஒரு பறக்கும் வண்டி என்று அவர்களிடமே நிறைய இருக்கிறது. இரண்டு பொருளை எப்படி ஒட்டுவது, ஒட்டியதை எப்படி நிற்க வைப்பது, இந்த இரண்டையும்தான் நாம் சொல்லித்தர வேண்டும். கீழே உள்ள எல்லாப் பாடங்களும் அந்த வரிசையில்தான் வருகின்றன. ஒவ்வொரு பொருளும் ஒரு புது ஒட்டு முறையைக் கற்றுத்தருகிறது.

தொடங்கும் முன்

6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை பலம் இருக்கும், விரல்நுனி பலம் குறைவு. அவர்களுக்குப் பிசைவது, உருட்டுவது, கிழிப்பது, கசக்குவது எல்லாம் சரியாக வரும். தடித்த அட்டையை வெட்டச் சொன்னால் அழுதுவிடுவார்கள். 8, 9 வயதில் கத்தரி பழகிவிடும், ஒரு வேலையை இரண்டு மூன்று வகுப்புகளுக்கு இழுத்துச் செய்யும் பொறுமையும் வரும். 10 வயதுக்கு மேல் முன்கூட்டித் திட்டம் போடச் சொல்லலாம். அந்த வயதில் வேறொரு சிக்கல் வருகிறது. "நிஜமா இருக்கிற மாதிரி வரலையே" என்று தன் வேலையைத் தானே வெறுக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு அட்டையும் பழைய சாமான்களும் நல்ல மருந்து. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அந்தப் பொருட்களில் எழாது.

நீங்கள் அழகாகச் செய்த மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடம் தொடங்காதீர்கள். வைத்தால் 30 பிள்ளைகளும் அதையேதான் செய்வார்கள், அதைவிடச் சுமாராக வந்தது என்று வருத்தப்படவும் செய்வார்கள். நான் ஒட்டும் முறையை உருவமே இல்லாத ஒரு மண் உருண்டையில் செய்து காட்டுவேன். காட்டி முடித்ததும் அவர்கள் கண்முன்னே அதை நசுக்கிவிடுவேன். முதல் தடவை எல்லோரும் "ஐயோ" என்பார்கள். ஆனால், செய்வதும் கலைப்பதும் சாதாரண விஷயம் என்று அதிலேயே புரிந்துகொள்வார்கள்.

ஏற்பாடுகளில் முக்கியமானது பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தக அளவுக்குத் தடித்த அட்டைத் துண்டு கொடுங்கள். முதல் வேலையாக அதில் பெயரும் வகுப்பும் எழுதட்டும். சிற்பம் அந்தப் பலகையிலேயே பிறந்து, அதிலேயே காய்ந்து, அதிலேயே அலமாரிக்குப் போகும். பலகை இல்லாமல் கையால் தூக்கினால் பாதி வேலை வழியிலேயே உடைந்துவிடும். 40 நிமிட வகுப்பென்றால் 5 நிமிடம் காட்டுவதற்கு, 25 நிமிடம் செய்வதற்கு, மீதி 10 நிமிடம் சுத்தம் செய்வதற்கு. அந்தப் 10 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வகுப்பு: ஒரு தாளை நிற்க வையுங்கள்

பசை, கத்தரி எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள். "இதை மேசைமேல் நிற்க வைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். தட்டையான தாள் நிற்காது. யாரோ ஒரு பிள்ளை மடிப்பாள், இன்னொருவன் சுருட்டுவான், மற்றொருவன் விசிறி போல மடிப்பான். மடித்தால் ஏன் நிற்கிறது என்று அவர்களையே கேளுங்கள். அப்புறம் அதன்மேல் ஒரு பென்சிலை வைக்க முடியுமா என்று பாருங்கள். அடி அகலமாக இருந்தால் விழாது, கனம் மேலே இருந்தால் சாயும் என்பதை இந்தப் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

அடுத்து, விரல் அகலத்தில் 10 காகிதப் பட்டைகளும் பசையும் கொடுங்கள். ஒவ்வொரு பட்டையின் நுனியையும் 1 செ.மீ. மடித்தால் அது ஒரு பாதம். பாதத்தில் பசை தடவி, பலகையில் அழுத்தி, மனத்துக்குள் 30 வரை எண்ண வேண்டும். இந்த எண்ணும் பழக்கம் வருடம் முழுவதும் கைகொடுக்கும். பசை ஒட்டவில்லை என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் பெரும்பாலும் போதிய நேரம் அழுத்திப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

களிமண்

இதற்குக் குறைந்தது நான்கு வகுப்புகள் ஒதுக்குங்கள். வேறு எந்தப் பொருளும் இவ்வளவு கற்றுத்தராது.

முதல் வகுப்பில் எதுவுமே செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் 300 கிராம் மண். தட்டட்டும், குத்தட்டும், கிள்ளட்டும், பாம்பாக உருட்டட்டும். சில பிள்ளைகளுக்கு மண்ணின் ஈரமும் பிசுபிசுப்பும் அறவே பிடிக்காது. கட்டாயப்படுத்த வேண்டாம். மண்ணை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பிசையக் கொடுங்கள், அல்லது ஒரு குச்சியும் கரண்டியும் கொடுங்கள். இரண்டு மூன்று வகுப்பில் பலர் தாங்களாகவே கையை வைப்பார்கள். வைக்காவிட்டாலும் குச்சியால் நல்ல சிற்பம் செய்ய முடியும்.

கவனித்துப் பாருங்கள், பிள்ளைகள் இரண்டு விதமாக மண்ணை அணுகுவார்கள். சிலர் ஒரே கட்டியிலிருந்து தலையை இழுப்பார்கள், காலைப் பிதுக்குவார்கள். சிலர் தலை, உடம்பு, வால் என்று தனித்தனியாகச் செய்து பிறகு சேர்ப்பார்கள். குழந்தைகளின் கலை வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனிச் சிந்தனை முறைகளாகவே பார்த்தார். இழுப்பவரை ஒட்டச் சொல்வதும், ஒட்டுபவரை இழுக்கச் சொல்வதும் தேவையில்லாத தொந்தரவு. ஒட்டுபவருக்கு நல்ல ஒட்டு முறையைச் சொல்லித்தந்தால் போதும்.

இரண்டாம் வகுப்பில் கிண்ணம்:

1. மண்ணை உள்ளங்கையில் உருட்டி, வெடிப்பில்லாத உருண்டையாக்க வேண்டும்.
2. உருண்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலை நடுவில் இறக்க வேண்டும். அடியில் ஒரு விரல் கனம் மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டும்.
3. உள்ளே கட்டைவிரல், வெளியே மற்ற விரல்கள். கிள்ளு, கொஞ்சம் திருப்பு, கிள்ளு, கொஞ்சம் திருப்பு. அடியிலிருந்து தொடங்கி விளிம்புக்கு வர வேண்டும். விளிம்பில் தொடங்கினால் வாய் பூப்போல விரிந்து தொய்ந்துவிடும்.
4. சுவர் எல்லா இடத்திலும் சுண்டுவிரல் கனம் வந்ததும் மேசைமேல் மெதுவாகத் தட்டி அடியைச் சமமாக்க வேண்டும்.

இந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டால் ஆமை, முள்ளம்பன்றி, குகை எதுவாகவும் ஆகும். இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்தால் உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு பந்து கிடைக்கும். பறவை, மீன், தலை எல்லாவற்றுக்கும் அதுவே உடம்பு. மூடிய உருவம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஊசியால் ஒரு துளை போட மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் அதுதான் வழி.

மூன்றாம் வகுப்புதான் உயிர்நாடி. ஒட்டுவது. அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழ் பதத்தில் ஒரு குழம்பு தயார் செய்யுங்கள். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். குழம்பைத் தடவ வேண்டும். இரண்டையும் சேர்த்து லேசாக ஆட்டி ஆட்டி அழுத்த வேண்டும். கடைசியாக ஒரு பக்கத்து மண்ணை மறுபக்கத்தின்மேல் விரலால் இழுத்து மூட வேண்டும். நான் இதைக் "கீறு, தடவு, அழுத்து, மூடு" என்று பாட்டுப் போலச் சொல்ல வைப்பேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அடுத்தவனைப் பார்த்து "நீ கீறவே இல்ல" என்று திருத்தும்.

ஏன் இவ்வளவு பாடு? காயும்போது மண் சுருங்கும். ஈரமான தும்பிக்கையும் பாதி காய்ந்த தலையும் வெவ்வேறு அளவு சுருங்கும், அப்போது ஒட்டு பிளந்துவிடும். அதனால் ஒட்டும் இரண்டு துண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். இதே காரணத்தால் நிஜக் களிமண்ணுக்குள் குச்சியோ கம்பியோ வைத்துக் கட்டக் கூடாது. மண் சுருங்கும், குச்சி சுருங்காது, நடுவில் வெடிக்கும்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. கிண்ணத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் மண் சேறாகிவிடும். நான்கு பேருக்கு ஒரு ஈரப் பஞ்சு போதும்.

காய வைப்பதில் அவசரம் வேண்டாம். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, பிறகு திறந்து, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் ஒரு வாரம். கட்டைவிரலைவிடக் கனமான பகுதி இருந்தால் அடியிலிருந்து கரண்டியால் குடைந்துவிடுங்கள். சூளையில் வைப்பதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். சூளையில் மண் பொருட்கள் வெடிப்பது இந்த ஈரத்தால்தான். சூளை இல்லையா? கவலையில்லை. காய்ந்த பிறகு வண்ணம் பூசலாம். ஆனால் சுடாத மண் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

காய்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, மூச்சுக்குள் போகக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கைகளை முதலில் ஒரு வாளியில் அலசிவிட்டு அப்புறம்தான் குழாய். இல்லாவிட்டால் மண் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். வாளியில் மண் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, மண்ணை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அட்டை, மரத்துண்டு, பழைய சாமான்

1942-இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். இரண்டே பொருள், ஒரே ஒட்டு. படத்தைக் காட்டி முதலில் எதுவும் சொல்லாமல் விடுங்கள். "சைக்கிள்!" என்று யாராவது கத்தும் நொடிக்காகவே இந்தப் பாடத்தை ஆரம்பிக்கலாம்.

அட்டையில் மூன்று ஒட்டுகளைச் சொல்லித்தருவேன். முதலாவது வெட்டுப் பொருத்து: இரண்டு அட்டையிலும் பாதி உயரத்துக்கு ஒரு கீற்று வெட்டி, ஒன்றில் மேலிருந்து, இன்னொன்றில் கீழிருந்து, குறுக்காகச் செருகினால் பசையே இல்லாமல் நிற்கும். கீற்றின் அகலம் அட்டையின் கனத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், அதிகமானால் ஆடும். இரண்டாவது குழாய்க்கு: அடிப்பகுதியில் 2 செ.மீ. நீளத்துக்கு ஐந்தாறு வெட்டு போட்டு இதழ்போல வெளியே மடித்து ஒட்டினால் கோபுரம் அசையாது. மூன்றாவது முட்டு: ஒரு சின்னத் துண்டை மூலையாக மடித்து, சாயும் சுவருக்குப் பின்னால் வைத்து ஒட்டுவது. அலை அட்டையில் வரிகளின் திசையில் மடித்தால் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். இதையும் கையால் உணரட்டும்.

பசை காயும்வரை பிடிக்க மூன்றாவது கை வேண்டும். துணிக் கிளிப், ரப்பர் பேண்ட், மாஸ்கிங் டேப் மூன்றும் அந்தக் கைதான். கட்டர் கத்தி ஆசிரியர் கையில் மட்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கியும் அப்படித்தான். குறைந்த சூட்டு வகை என்று விற்பதிலும் பசை 100 டிகிரிக்கு மேல் சூடாகத்தான் வருகிறது. ஒரு மேசையில் நீங்கள் உட்காருங்கள், எங்கே ஒட்ட வேண்டும் என்று பிள்ளை விரலால் காட்டட்டும்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்ய ஒரு வேலை: லூயிஸ் நெவல்சன் என்ற சிற்பி 1950-களில் தூக்கி எறியப்பட்ட மரத்துண்டுகளைப் பெட்டிகளுக்குள் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வண்ணத்தில் பூசிப் பெரிய சுவர்களாக நிறுத்தினார். ஆளுக்கு ஒரு செருப்புப் பெட்டி மூடி கொடுங்கள். மூடிகள், நூல்கண்டுகள், அட்டைக் குழாய்த் துண்டுகள் எல்லாம் உள்ளே ஒட்டட்டும். பிறகு எல்லாப் பெட்டிக்கும் ஒரே வண்ணம். பொருட்களின் மேலிருந்த எழுத்தும் படமும் மறைந்து, நிழலும் வடிவமும் மட்டும் தெரிய ஆரம்பிக்கும். எல்லாப் பெட்டிகளையும் சுவரில் சேர்த்து அடுக்குங்கள். வகுப்பில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பிள்ளை அந்தச் சுவர்முன் நின்று "என்னோடது மூணாவது வரிசை" என்று எல்லோருக்கும் காட்டியதை நான் மறக்கவே மாட்டேன்.

காகித ஒட்டுச் சிற்பம்

பழைய செய்தித்தாளைக் கசக்கி, மாஸ்கிங் டேப் சுற்றி உள்கட்டு செய்வது முதல் பாதி. இங்கே ஒரே ஒரு விதி: உள்கட்டு தானாக நின்றால்தான் பசைக்கு அனுமதி. ஈரக் காகிதம் கனம், ஆடும் காலை இன்னும் ஆட்டும். நான்கு கால் நிற்கவில்லையா? மூன்று காலில் எதுவும் ஆடாது. வாலையோ வயிற்றையோ தரையில் ஊன்றலாம். இந்த யோசனையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

பலூனின்மேல் ஒட்டும் முறை பிரபலம். நான் செய்வதில்லை. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம், எல்லோருக்கும் ஒரே முட்டை வடிவம்தான் கிடைக்கும்.

பசைக்கு மாவு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கட்டியில்லாமல் கரைத்தால் போதும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓரம் மெலிதாக இருப்பதால் படிந்துகொள்ளும். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். இழைகள் ஓடும் திசைதான் காரணம். 2 முதல் 3 செ.மீ. அகலம், ஒரு சாண் நீளத்துக்குள் போதும். பட்டையைப் பசையில் நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து மிச்சப் பசையை வழித்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட ஒட்டினால் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

முதல் அடுக்கு செய்தித்தாள், இரண்டாவது வெள்ளைத் தாள், மூன்றாவது மறுபடி செய்தித்தாள். நிறம் மாறுவதால் எங்கே விட்டுப்போயிற்று என்று பிள்ளைக்கே தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நாள் காயட்டும். கடைசியாக ஒரு வெள்ளை அடுக்கு கொடுத்தால் வண்ணம் மிச்சமாகும்.

கம்பியும் பிளாஸ்டரும், சுருக்கமாக

9 வயதுக்கு மேல் மென்மையான அலுமினியக் கம்பி கொடுக்கலாம், 1.5 முதல் 2 மி.மீ. கனம். நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, அதற்குமேல் வேண்டாம், பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. கொடுக்கும் முன்பே இரண்டு நுனியையும் வளையமாகச் சுருட்ட வேண்டும். தொங்கும் சிற்பம் செய்தால் கீழ்க் குச்சியிலிருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். நூலை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சமநிலையைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். இவ்வகைச் சிற்பங்களைப் புகழ்பெறச் செய்த அலெக்சாண்டர் கால்டர் இயந்திரப் பொறியியல் படித்தவர்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது நன்றாகச் சூடாகும். கையை அதற்குள் வைத்து அச்செடுக்கும் வேலையை எந்த வயதுப் பிள்ளைக்கும் தராதீர்கள். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி அப்படிக் கையை வைத்து, வெளியே எடுக்க முடியாமல் கடுமையாக வெந்துபோய், பெரும்பாலான விரல்களை இழந்தார்.

கலப்பு ஊடகம்

பல வகைப் பொருட்களை ஒரே படைப்பில் சேர்ப்பதுதான் கலப்பு ஊடகம். ஆனால் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு "எடுத்துக்கோங்க" என்பது கலப்பு ஊடகம் ஆகாது. ஜிகினாவும் பஞ்சும் பாசிமணியும் ஒரே குவியலாகும், அடியில் இருந்த நல்ல உருவம் காணாமல் போகும். மூன்று பொருளை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்று தாங்குவதற்கு, ஒன்று மூடுவதற்கு, ஒன்று கண்ணை இழுப்பதற்கு. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். கட்டுவது, காய்வது, வெள்ளையோ சாம்பலோ ஒரு அடிப்பூச்சு, வண்ணம், அது காய்ந்த பிறகே துணி, நூல், பொத்தான். கனமான பொருளைப் பசையை நம்பி விடாதீர்கள். துளை போட்டுக் கம்பியாலோ நூலாலோ கட்டட்டும்.

கட்டுவதே அழகாக முடியும் என்பதற்கு எல் அனாட்சுய் படைப்புகளைக் காட்டுங்கள். கானாவில் 1944-இல் பிறந்து, பல பத்தாண்டுகள் நைஜீரியாவில் வேலை செய்தவர். தட்டையாக்கிய பாட்டில் மூடிகளை ஆயிரக்கணக்கில் செம்புக் கம்பியால் பிணைத்து, பெரிய துணிபோல மடிந்து தொங்கும்படி செய்தார். வகுப்பில் உலோகம் வேண்டாம், ஓரம் கையை வெட்டும். உள்ளங்கை அளவு அட்டைத் துண்டுகளுக்கு வண்ணம் பூசி, நான்கு மூலையிலும் துளையிட்டு, பக்கத்துப் பிள்ளையின் துண்டோடு முடிச்சுப் போடட்டும். 30 பேரின் துண்டுகள் சேர்ந்தால் ஒரு சுவரையே மூடலாம்.

பேசுவது, தொடுவது, உடைவது

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். நமக்குப் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "இதைப் பத்திச் சொல்லும்மா, எது செய்யக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒட்டிய கதைதான் வரும்.

பிள்ளையின் சிற்பத்தை உங்கள் கையால் திருத்தாதீர்கள். உதவி கேட்டால் தனியாக ஒரு துண்டு மண் எடுத்து அதில் காட்டுங்கள். நீங்கள் ஒருமுறை மூக்கைச் சரிசெய்தால்போதும், அது உங்கள் சிற்பமாகிவிடும், அவளுக்கும் அது தெரியும்.

உடையும். கட்டாயம் உடையும். அதனால் முதல் நாளே ஓர் ஓரத்தில் "ஆஸ்பத்திரி" என்று எழுதிய தட்டு வையுங்கள். உடைந்தவை எல்லாத் துண்டுகளோடும் அங்கே போகட்டும். அழுகை பாதி குறைந்துவிடும். முழுவதும் காய்ந்த மண்ணை மண் குழம்பால் ஒட்ட முடியாது, ஈரம் பட்டு இன்னும் உதிரும். வெள்ளைப் பசையால் ஒட்டி, மாஸ்கிங் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். சீக்கிரம் முடித்துவிட்ட பிள்ளைகளை அங்கே வைத்தியராக உட்கார வைக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று படம் எடுத்துவிடுங்கள். சிற்பத்துக்குப் பின்புறம் உண்டு என்று பிள்ளைகள் பல சமயம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உணர்கிறார்கள். பெட்டியின் அடியில் கசக்கிய காகிதம் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் காலும் வாலும் மேலே வருமாறு படுக்க வைத்து, சுற்றிலும் காகிதம் அடைத்து, பலகையையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள்.